பழைய நாற்சார் வீடு, பின்வளவில் இன்னொரு வீடு: மூன்று ரவுட்டரை வைத்து ஒரே வைஃபை ஆக்க முடியுமா?

கோண்டாவில் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று கிழமையாக இந்த வைஃபையோடு மாரடித்துக் களைத்துப்போய்த்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் விளங்கும், கொஞ்சம் நீளமாக இருந்தால் குறை நினைக்காதீர்கள்.

வீடு கோண்டாவிலில். அம்மப்பா காலத்து நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவரச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கல்சுவர், ஒன்றரை அடிக்குக் குறையாது. ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும். பைபர் இணைப்பு முன் விறாந்தைக்குப் பக்கத்து அறையில் வந்து நிற்கிறது, பெட்டியை அங்கிருந்து அசைக்க முடியாது. அந்த அறையில் 90 மெகாபிற் வரை எடுக்கிறது. முற்றத்தைத் தாண்டிக் குசினிக்குப் போனால் ஒரு கோடு. குசினிக்குப் பின்னால் கிணற்றடி, அதற்கும் பின்னால் பிறகு கட்டிய சின்ன வீடு, கொங்கிறீட் தட்டுப் போட்டு மேலே ஓர் அறை. அங்கே இருந்துதான் அக்கா பிள்ளைகளுக்குச் சூமில் கணக்குப் படிப்பிக்கிறார். இரண்டு வீட்டுக்கும் இடையில் 35 மீற்றர் இருக்கும், ஒரு மாமரம், இரண்டு பனை, ஒரு தண்ணீர்த் தாங்கி.

ஒரு கடையில் கேட்டு, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீற்றர் ஒன்று வாங்கிக் குசினிச் சுவரில் செருகினேன். போனில் கோடு முழுக்க நிற்கிறது. ஆனால் அக்காவின் வகுப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அப்படியே நிற்கிறது. "ரீச்சர் நீங்கள் ரோபோ மாதிரிக் கதைக்கிறீர்கள்" என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். கோடு முழுக்க இருந்தும் ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை.

வீட்டில் சும்மா கிடப்பவை இரண்டு. ஒன்று பைபர் வருவதற்கு முன் போன் வயரில் இணையம் எடுக்கப் பாவித்த ஏடிஎஸ்எல் ரவுட்டர். மற்றது ரொறன்ரோவில் இருக்கும் பெரியண்ணா போன முறை வந்தபோது விட்டுவிட்டுப் போன ஆப்பிள் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், வெள்ளைச் சதுரப் பெட்டி, பின்னால் வயர் செருக இரண்டு ஓட்டை. இந்த இரண்டையும் வைத்து வளவு முழுக்க ஒரே பெயரில் வைஃபை வரச் செய்யலாமா? இல்லாவிட்டால் புதிதாகத்தான் வாங்க வேண்டுமா? நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலும் லண்டனிலும் இருந்து பதினான்கு பேர் வருகிறார்கள், 25 நாளும் நிற்கப் போகிறார்களாம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு போன். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

வடலி:

மச்சான், ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வைஃபை தருகிற மூன்று பெட்டி மெஷ் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டுப் படு. பழைய சாமானோடு மினக்கெடாதே.

மானிப்பாய் வயர்மன்:

வடலி, மெஷ் நல்ல சாமான்தான், ஆனால் அந்தப் பெட்டிகளும் ஒன்றோடொன்று காற்றில்தான் கதைக்கின்றன. ஒன்றரை அடிக் கல்சுவர் ரிப்பீற்றருக்கு ஒரு நியாயம், மெஷ்ஷுக்கு ஒரு நியாயம் பார்க்காது. இரண்டு சுவருக்கு அப்பால் வைத்த மெஷ் பெட்டி விலை கூடின ரிப்பீற்றர், அவ்வளவுதான்.

தம்பி கோண்டாவில், முதலில் உங்கள் கோட்டுக் கதைக்கு வருகிறேன். போனில் நீங்கள் பார்க்கும் கோடு, போனுக்கும் குசினிச் சுவரில் இருக்கும் ரிப்பீற்றருக்கும் இடையில் உள்ள கோடு. ரிப்பீற்றருக்கும் முன் அறைப் பெட்டிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று போனுக்குத் தெரியாது. குசினியில் ஏற்கனவே ஒரு கோடுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு கோட்டைத்தான் அது வாங்கிச் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறது. அதோடு விலை குறைந்த ரிப்பீற்றர்களுக்கு ரேடியோ ஒன்றுதான். ஒரே சனலில் கேட்கவும் வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும், கேட்கும்போது சொல்ல முடியாது. அதனாலேயே வேகம் பாதியாகிவிடும். ரிப்பீற்றர்தான் வேண்டுமென்றால் சிக்னல் இன்னும் பலமாக இருக்கும் இடத்தில், அதாவது பாதி வழியில் வைக்க வேண்டும். சிக்னல் செத்த இடத்தில் வைத்துப் பிரயோசனம் இல்லை. உங்கள் வீட்டில் பாதி வழி என்றால் நடு முற்றம், மழை நனைக்கும்.

இனிச் செய்ய வேண்டியது. வயர் இழுங்கள். ஒவ்வொரு ரவுட்டருக்கும் முன் அறைப் பெட்டியில் இருந்து வயர் போனால் அவை ஒன்றோடொன்று காற்றில் கதைக்கத் தேவையில்லை, காற்று முழுக்க உங்கள் போன்களுக்குத்தான். சுவரைத் துளைக்கவும் தேவையில்லை. நாற்சார் வீட்டில் சுவர் எவ்வளவு தடித்தாலும் மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் சந்து இருக்கும், அதற்குள்ளால் வளையோடு சேர்த்துக் கொண்டு போகலாம். நான் இப்படி எத்தனையோ பழைய வீடு செய்திருக்கிறேன், கரைச்சல் தருவது எலி மட்டும்தான், அதற்குப் பைப்புக்குள் போட்டு இழுங்கள். செம்பு வயர் 100 மீற்றர் வரை தாங்கும். ஆனால் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர். நீளம் கூடக் கூடக் கழுத்தறுக்கும், நுனியும் கெதியாக முறியும். கடையில் கெட்-6 என்று எழுதியிருந்தாலும் சுரண்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு பழைய பெட்டியும் உதவும். ஏடிஎஸ்எல் ரவுட்டருக்கு முதலில் ஐபி, அதாவது வீட்டு நெற்வேர்க்கில் அதன் இலக்கம், மாற்ற வேண்டும். முன் அறைப் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 கொடுங்கள். பிறகு டிஎச்சிபி என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். இலக்கம் கொடுக்கும் வேலையை வீட்டில் ஒரு பெட்டிதான் பார்க்க வேண்டும். கடைசியாக வயரை அதன் லான் போர்ட்டில், அதாவது கணினி வயர் செருகுகிற ஓட்டையில் செருகுங்கள், போன் வயர் வந்த ஓட்டையில் அல்ல. ஏர்போர்ட்டை ஐபோனில் ஏர்போர்ட் யுட்டிலிட்டி என்ற செயலியால் திறந்து பிரிட்ஜ் மோட் ஆக்குங்கள், அப்போது அது தானாக இலக்கம் கொடுக்காது. வைஃபை பகுதியில் 'புதிய நெற்வேர்க் உருவாக்கு' என்பதைத் தெரிய வேண்டும், 'இருக்கும் நெற்வேர்க்கை நீட்டு' என்பதை அல்ல. பெயரைப் பார்த்து எல்லோரும் நீட்டு என்பதைத்தான் அமத்துவார்கள். அது காற்றில் நீட்டுவது, அதுவும் ஆப்பிள் பெட்டிக்கு ஆப்பிள் பெட்டி மட்டுமே.

மூன்றுக்கும் வைஃபை பெயர் ஒன்று, பாஸ்வேர்ட் ஒன்று, பாதுகாப்பு வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடைசியைத்தான் ஆட்கள் மறப்பது. ஏர்போர்ட்டுக்கு டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும், ஆப்பிள் 2018 இலேயே அந்த வியாபாரத்தை விட்டுவிட்டது. ஆகையால் மற்ற இரண்டையும் டபிள்யூபிஏ2 இலேயே வையுங்கள். சனல் மட்டும் வேறு வேறு: 2.4 கிகாஹெர்ட்ஸில் முன் அறை 1, குசினி 6, பின்வீடு 11. சனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை இந்த மூன்றுதான்.

கோண்டாவில் பெடியன்:

அண்ணை, இவ்வளவு நேரம் செலவழித்து எழுதியதற்கு மிச்சம் நன்றி. சந்து இருப்பது உண்மைதான், இன்றைக்கு ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன், அம்மப்பாவின் பழைய குடை ஒன்றும் அகப்பட்டது. குசினி வரை வயர் போட 22 மீற்றர் வருகிறது. பின்வீட்டுக்குக் குசினியில் இருந்து கிணற்றடிக்கு மேலால் கம்பி கட்டி அதே வயரை இழுத்துவிடலாம் என்று யோசிக்கிறேன். சரிதானே?

நெல்லியடி ரீச்சர்:

தம்பி, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கும் முன்வீடு, பின்வீடு. இடையில் 40 மீற்றர் செம்பு வயர், மதிலோடு கிளிப் அடித்து வடிவாகத்தான் இழுத்திருந்தோம். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கின நேரம், ஒரு பின்னேரம் இடி. எங்கள் வளவில் விழவில்லை, பக்கத்து வளவுத் தென்னையில் விழுந்தது, குருத்துக் கருகிப்போய் நின்றது. அடுத்த நாள் பார்த்தால் இரண்டு ரவுட்டர், ஒரு நெற்வேர்க் ஸ்விச், மகனின் கணினியில் வயர் செருகுகிற இடம், எல்லாம் போய்விட்டன. எல்லா பிளக்கையும் நாங்கள் கழற்றித்தான் வைத்திருந்தோம், அதுதான் எனக்கு ஆத்திரம். கறண்ட் வழியாக வரவில்லை, அந்த வயர் வழியாகத்தான் வந்திருக்கிறது. பிறகு திருத்த வந்தவர் விளக்கப்படுத்தினார்: பக்கத்தில் இடி விழும்போது இரண்டு வீட்டின் நிலத்துக்கும் இடையில் வோல்ற் வித்தியாசம் ஒரு கணம் எக்கச்சக்கமாக ஏறும், இரண்டையும் செம்பால் தொடுத்து வைத்தால் அது அந்தச் செம்பாலேயே பாயும், வழியில் இருக்கிற பெட்டிதான் பலி.

இப்போது அந்த இடத்தில் பைபர் போட்டிருக்கிறோம். கண்ணாடி இழை, கறண்ட் கடத்தாது. இரண்டு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர் என்று தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. ஒரு பக்கம் பைபர், மறு பக்கம் சாதாரண வயர். நான் பயந்த அளவுக்கு விலையும் இல்லை. இரண்டு ரவுட்டர் மாற்றின காசை விடக் குறைவுதான்.

மானிப்பாய் வயர்மன்:

ரீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான்தான் முதலே எழுதியிருக்க வேண்டும், ஒரே கூரைக்குள் என்று நினைத்துக்கொண்டு வயர் இழுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஒரு கூரைக்குள் செம்பு, கூரை விட்டுக் கூரை பைபர்.

பைபரில் இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். தெருவில் இழுக்கிற கறுப்புப் பைபர் வயரில் பக்கத்தில் ஒரு உருக்குக் கம்பி ஒட்டிக்கொண்டு வரும், தூணுக்குத் தூண் தொங்கவிடுவதற்காக. அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டு வந்தால் இடிக்கு நீங்களே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே கொளுவிவிட்டு வெட்டுங்கள், இழை மட்டும் உள்ளே வரட்டும். உள்ளே பலத்துக்குக் கம்பிக்குப் பதிலாக நார் வைத்த வகையும் இருக்கிறது, கிடைத்தால் அதுதான் நல்லது. இரண்டாவது, நுனியின் நிறம். நீலமும் இருக்கும் பச்சையும் இருக்கும். பச்சை சரிவாகச் சீவியது, நீலம் நேராகச் சீவியது, ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஏறும், ஆனால் சரியாகப் பொருந்தாது, வெளிச்சம் வீணாகும். கன்வேர்ட்டர்களில் பெரும்பாலும் நீலம்தான். இழை ஒன்றில் இரண்டு பக்கமும் போகிற கன்வேர்ட்டர் சோடியாக வரும், ஒன்றில் ஏ மற்றதில் பி என்று போட்டிருக்கும், இரண்டு ஏ வாங்கிக்கொண்டு வந்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எனக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வளைக்கும்போது மெதுவாக, மூலையில் மடித்து ஆணி அடிக்காதீர்கள். நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கவும் வேண்டாம், அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

துலாக்கால்:

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், வயரே இல்லாமல் செய்யலாமே? சாவகச்சேரியில் எங்கள் வீட்டில் இருந்து கடைக்கு 300 மீற்றர், கூரையில் இரண்டு வெளி அன்ரனாவை ஒன்றையொன்று பார்க்க வைத்து 5 கிகாஹெர்ட்ஸில் விட்டிருக்கிறோம்.

மானிப்பாய் வயர்மன்:

இடையில் வெளியாக இருந்தால் அருமை. மரம் எத்தனை நிற்கிறது?

துலாக்கால்:

போடும்போது ஒன்றுமில்லை. பக்கத்து வளவுத் தென்னம்பிள்ளை மூன்று வருடத்தில் வளர்ந்து குறுக்கே வந்துவிட்டது. வெயிலுக்குப் பிரச்சினை இல்லை. மழைக்கு ஓலை நனைந்து காற்றுக்கு ஆடத் தொடங்கினால் இன்ரநெற்றும் சேர்ந்து ஆடுகிறது. சரி, உங்கள் கேள்வியின் நோக்கம் விளங்குகிறது. மாமரமும் இரண்டு பனையும் நடுவில் நின்றால் பைபர்தான்.

கோண்டாவில் பெடியன்:

சரி, பைபர் என்று முடிவு. ஆனால் அதற்கு முன் ஒரு கூத்து நடந்துவிட்டது. குசினி வயர் நேற்று இழுத்து முடித்தேன். ஆசை அடங்காமல், பைபர் வரும்வரை சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று ஏடிஎஸ்எல் ரவுட்டரைக் கொளுவினேன். பத்து நிமிடம் எல்லாம் நல்லாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக விழத் தொடங்கியது. அப்பாவின் போனில் வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை என்று வருகிறது. அக்காவினது வேலை செய்கிறது. ரீவி வேலை செய்யவில்லை. எதைத் தொட்டாலும் ஒவ்வொரு மாதிரி. வயரைக் கழற்றிய பிறகும் அப்பாவின் போன் சரிவரவில்லை. அப்பா முழு வீட்டையும் நான் உடைத்துவிட்டேன் என்ற முடிவோடு இருக்கிறார்.

மானிப்பாய் வயர்மன்:

டிஎச்சிபி நிறுத்தினீர்களா?

கோண்டாவில் பெடியன்:

பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

மானிப்பாய் வயர்மன்:

அதுதான். இரண்டு பெட்டியும் 192.168.1.1, இரண்டும் இலக்கம் கொடுக்கின்றன. ஒரு ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? எந்தப் போன் பழைய ரவுட்டரை நம்பியதோ அது பைபரே இல்லாத பெட்டியிடம் இன்ரநெற் கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஒன்றும் உடையவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வாங்கின இலக்கத்தைப் போன் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும், அதுதான் கழற்றிய பிறகும் வரவில்லை. வைஃபையை நிறுத்திப் போடச் சொல்லுங்கள், அதற்கும் வராவிட்டால் அந்த நெற்வேர்க்கை மறக்கச் செய்துவிட்டுத் திரும்பப் பாஸ்வேர்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய ரவுட்டரைத் தனியே எடுத்து வையுங்கள், வீட்டு வயர் ஒன்றும் அதில் இருக்கக் கூடாது. லப்ரொப்பை அதன் லான் போர்ட்டில் செருகி, 192.168.1.1 திறந்து, டிஎச்சிபி நிறுத்தி, ஐபியை 250 ஆக்கிச் சேமியுங்கள். சேமித்ததும் பக்கம் தொங்கிக்கொண்டு நிற்கும், பயப்பட வேண்டாம், அது வேறு இலக்கத்துக்குப் போய்விட்டது. அப்புறம் முன் அறைப் பெட்டியில் போய் அது கொடுக்கும் இலக்கங்கள் 200 உடன் முடிகிற மாதிரிக் குறையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் மாமா யாருடையவோ போனுக்கு 250 விழும், திரும்பவும் இதே கூத்து.

பழைய ரவுட்டர்கள் சிலவற்றில் தனியாக நீல நிறத்தில் வான் என்றொரு போர்ட் இருக்கும். வயரை அதில் செருகினாலும் இன்ரநெற் வரும், ஆனால் அதற்குப் பின்னால் தனி வீடு ஒன்று உருவாகிவிடும். பின்வீட்டுப் போனில் இருந்து முன்வீட்டு ரீவிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரின்ரர் தெரியாது. லான் போர்ட்டிலேயே செருகுங்கள்.

நெல்லியடி ரீச்சர்:

தம்பி, நான் படிப்பிப்பவள் என்பதால் கேட்கிறேன். கறண்ட் நின்றால் அக்காவின் வகுப்பு என்ன ஆகும்? 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்ற காலத்தில்தான் நான் கறண்ட் நின்றாலும் ரவுட்டரைப் பற்றரியில் ஓட்டுகிற சின்ன யுபிஎஸ் வாங்கினேன், இன்றைக்கும் அதுதான் காப்பாற்றுகிறது. உங்கள் திட்டத்தில் குசினி ரவுட்டரில் இருந்துதானே பின்வீட்டுக்குப் போகிறது? குசினியில் உள்ளது நின்றால் பின்வீடும் நிற்குமே.

கோண்டாவில் பெடியன்:

ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லை. பின்வீட்டில் ஏர்போர்ட்டை வைக்கலாம் என்றிருந்தேன். அதற்கு யுபிஎஸ் கொளுவலாமா?

மானிப்பாய் வயர்மன்:

ரீச்சர் இடையில் வந்தது நல்லதாய்ப் போய்விட்டது. ஏர்போர்ட்டுக்கு அந்தச் சின்ன யுபிஎஸ் சரிவராது. அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், கறண்ட் வயர் செருகுகிற வாய் எட்டு வடிவத்தில் இருக்கும், பழைய ரேடியோவுக்கு இருக்கிற மாதிரி. 230 வோல்ற் நேரே உள்ளே போகிறது, 12 வோல்ற் கொடுக்க வழி இல்லை. ஏடிஎஸ்எல் ரவுட்டருக்கு அடப்ரர் இருக்கிறதல்லவா, அதன் முதுகில் 12 என்று எழுதியிருந்தால் யுபிஎஸ்ஸில் கொளுவலாம். சிலது 9 வோல்ற், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் இடத்தை மாற்றுங்கள். குசினிக்கு ஏர்போர்ட், பின்வீட்டுக்கு ஏடிஎஸ்எல் ரவுட்டர். பைபரைக் குசினியில் இருந்து தொடங்க வேண்டாம், முன் அறையில் இருந்தே ஒரே நீட்டாகப் பின்வீடு வரை இழுங்கள். செம்புக்குத்தான் 100 மீற்றர் கணக்கு, பைபருக்கு உங்கள் வளவு ஒரு தூரமே இல்லை. முன் அறையில் ஒரு யுபிஎஸ்: 12 வோல்ற் பைபர் பெட்டிக்கு, 5 வோல்ற் கன்வேர்ட்டருக்கு. பின்வீட்டில் இன்னொன்று, அதே மாதிரி. வாங்கும்போது இரண்டு வோல்றும் கொடுக்கிற யுபிஎஸ்ஸாகக் கேளுங்கள். கறண்ட் நின்றால் குசினியில் மட்டும் வைஃபை போகும், அரிசி அதற்காக வேகாமல் இருக்காது.

ஏடிஎஸ்எல் ரவுட்டருக்கு 2.4 மட்டும்தான், வேகம் அவ்வளவு வராது, ஆனால் சூமுக்கு 4 மெகாபிற் தாராளம். வேகத்தை விட நிற்காமல் ஓடுவதுதான் வகுப்புக்கு முக்கியம். அக்காவின் லப்ரொப்பை ரவுட்டரில் வயரால் கொளுவிவிடுங்கள், வைஃபைப் பேச்சே வேண்டாம். ரவுட்டரை மேல் அறைக்குப் போகிற படியின் தலையில் வையுங்கள், கொங்கிறீட் தட்டுக்கு மேலும் கீழும் கிடைக்கும். தண்ணீர்த் தாங்கி இருக்கிற பக்கமாகவோ இரும்பு அலுமாரிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள்.

வடலி:

அண்ணை, எல்லாம் சரி, எனக்கு ஒரு சந்தேகம். ஒரே பெயரில் மூன்று பெட்டி இருந்தால் போன் தானாக நல்லதற்கு மாறுமா? எங்கள் வீட்டில் அப்படித்தான் இரண்டு இருக்கிறது, அம்மா முன்வாசலில் இருந்து கதைத்துக்கொண்டு குசினிக்குப் போனால் போன் முன் அறையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் ஒன்று இருந்தும்.

மானிப்பாய் வயர்மன்:

மெஷ் வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்கச் சொன்ன ஆள்தானே நீங்கள்?

பகிடி பகிடியாக இருக்கட்டும், கேள்வி நல்ல கேள்வி. எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன், ரவுட்டர் அல்ல. சிக்னலை டிபிஎம் என்ற மைனஸ் கணக்கில் அளப்பார்கள், பூச்சியத்துக்குக் கிட்ட வர வரப் பலம் கூட. ஐபோன் சிக்னல் மைனஸ் 70க்குக் கீழே போன பிறகுதான் வேறு பெட்டி தேடவே தொடங்கும். மற்றப் போன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். அதனால் சிக்னல் அளவுக்கு மிஞ்சினாலும் நல்லதில்லை. முன் அறைப் பெட்டி முழுப் பலத்தில் கத்தினால் குசினியிலும் மைனஸ் 68 என்று மெல்லியதாகக் கேட்கும், போனும் திருப்தியாக அங்கேயே தொங்கும். செற்றிங்கில் பலத்தை ஒரு படி, இரண்டு படி குறைத்துப் பாருங்கள். போனில் வைஃபை அளக்கிற செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி நடவுங்கள். மைனஸ் 50 என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், 67 வரை வீடியோ ஓடும், 80 என்றால் பெயர் மட்டும்தான் தெரியும். ஒரு பெட்டி 67 அளவுக்கு இறங்குகிற இடத்தில் அடுத்தது அதே அளவுக்கு வந்திருந்தால் போதும்.

புதிய பெட்டிகளில் 802.11 கே, வி, ஆர் என்று போனுக்கு வழிகாட்டுகிற வசதிகள் உண்டு. பழைய போன் இருக்கிற வீட்டில் ஆர் என்பதைப் போட்டால் சிலது சேரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கோண்டாவில் பெடியன்:

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி இல்லாதவன் ஆகிவிடுவேன்.

பைபர் 70 மீற்றர் வாங்கினோம், நார் வைத்த வகைதான் கிடைத்தது, நுனி இரண்டும் கடையிலேயே நீலத்தில் போட்டுத் தந்தார்கள். முன் அறையில் இருந்து முகட்டுக்குள்ளால் வந்து, குசினிப் பக்கம் வெளியே இறங்கி, மதிலோடு பைப்புக்குள். மாமர வேர் ஒன்று பைப்புக்குக் குறுக்கே நின்றது, அப்பா அதை வெட்ட விடவில்லை, சுற்றிக்கொண்டு போனதில் இரண்டு மீற்றர் கூடப் போய்விட்டது. கன்வேர்ட்டரில் பைபர் விளக்கு முதலில் எரியவே இல்லை, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிறகு பார்த்தால் நுனியில் இருந்த சின்ன பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றாமல் செருகியிருக்கிறேன். இதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, இங்கே மட்டும்தான்.

பின்வீட்டில் வயரில் 88 மெகாபிற், வைஃபையில் 35 அளவில் நிற்கிறது. போன வெள்ளிக்கிழமை வகுப்பின் நடுவில் கறண்ட் நின்றது. அக்கா மின்விசிறி நின்ற பிறகுதான் கவனித்தாராம், பிள்ளைகளுக்குத் தெரியாது. குசினி ஏர்போர்ட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் இருப்பதால் முற்றத்தில் இருந்தே நன்றாக எடுக்கிறது. முன் அறைப் பலத்தை ஒரு படி குறைத்தேன், அப்பாவின் போன் இப்போது ஒழுங்காக மாறுகிறது, ஆனால் கேற்றடியில் சிக்னல் போய்விட்டது என்று ஒரு புது முறைப்பாடு. விருந்தினருக்கு முன் அறைப் பெட்டியில் தனிப் பெயர் ஒன்று போட்டேன், அது பின்வீட்டில் வரவில்லை, ஏன்?

மானிப்பாய் வயர்மன்:

விருந்தினர் பெயர் அது உருவான பெட்டியோடுதான் நிற்கும், மற்ற இரண்டும் அதை அறியாது. பதினான்கு பேரில் பின்வீட்டில் படுப்பவர்களுக்கு வீட்டுப் பாஸ்வேர்டையே கொடுங்கள், அவர்கள் போன பிறகு மூன்றிலும் மாற்றிவிடுங்கள். மூன்றிலும், ஒன்றில் மட்டும் அல்ல. கேற்றடிக்கு ஒன்றும் செய்யாதீர்கள்.

நெல்லியடி ரீச்சர்:

நல்ல செய்தி தம்பி. ஐப்பசிக்கு முன் ஒருமுறை பைப்பின் இரண்டு வாயையும் சிலிக்கனால் அடைத்துவிடுங்கள், எங்களுக்குப் போன வருடம் எறும்பு உள்ளே போய்க் கன்வேர்ட்டருக்குள்ளேயே புற்று வைத்துவிட்டது.

வடலி:

அந்தப் பழைய ரிப்பீற்றரை என்ன செய்யப் போகிறாய் மச்சான்? சும்மா கிடந்தால் எனக்குத் தா, எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் கமரா ஒன்று போட வேண்டும்.